பழைய கார்ட் பதில்கள்: கரண்ட் கோச்சி

போன இதழில் நாவற்குடா வாசகர் ஒருவர், “உங்களுக்கு மிகவும் பிடித்த ரயில் எது?” என்று கேட்டிருந்தார். “சென்னையில் ஓடும் மின்சார ரயில்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஜப்பான் புல்லட் ரயிலைச் சொல்லவில்லையே என்று சிலருக்குக் கோபம். மற்றவர்கள் கேள்விக்கு மேல் கேள்வியாக அனுப்பியிருக்கிறார்கள். ஆசிரியரும் இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டார். நான் எஞ்சினியர் இல்லை. மட்டக்களப்புக் கோச்சியின், அதாவது ரயிலின், கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு குந்தியிருந்து ஓய்வு பெற்ற கார்ட். மகள் குடும்பம் பல்லாவரத்தில் இருந்த காலத்தில் அங்கே போய்த் தங்கி, வேறு வேலை இல்லாததால் காலையும் மாலையும் அந்த ரயில்களிலேயே திரிந்தவன். அந்த அளவுக்குத்தான் என் பதில்கள்.

ஏறாவூரிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர்: சென்னை ரயிலை வீடியோவில் பார்த்தேன். எஞ்சினே இல்லை. இரண்டு நுனியிலும் ஒரே முகம். அப்படியென்றால் எது இழுக்கிறது?

எஞ்சின் இல்லாமல் இல்லை, தம்பி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது பெட்டித் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதில் மூன்று, மோட்டார் பெட்டிகள். ஒவ்வொன்றின் கீழும் நாலு அச்சு, அச்சுக்கு ஒரு மோட்டார். ஆக, பன்னிரண்டு மோட்டார்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஓட்டுநர் முன்னால் ஒரு கைப்பிடியைத் திருப்பினால், கடைசியில் கிடக்கும் மோட்டாரும் அதே கணத்தில் கேட்கும்.

மோட்டார் பெட்டியின் கூரையில் மடங்கி விரியும் ஒரு கை இருக்கும். அதுதான் பென்டோகிராப். அது மேலே போகும் செப்புக் கம்பியைத் தொட்டு 25,000 வோல்ற்று ஆடலோட்டத்தை, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தை, எடுக்கும். பெட்டிக்குள் இருக்கும் நிலைமாற்றி அந்த வோல்ற்றைக் குறைக்கும். பழைய தொடர்களில் அதை ஒரே திசையில் பாயும் நேரோட்டமாக்கி மோட்டாருக்குக் கொடுப்பார்கள். புதியவற்றில் மூன்று பேஸ் ஆடலோட்ட மோட்டார்கள். வேலை முடித்த மின்னோட்டம் சில்லு வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் உபநிலையத்துக்குத் திரும்பிப் போகும். அந்தச் செப்புக் கம்பி நேர்கோட்டில் போவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறீரா? வேண்டுமென்றே இடம் வலமாகக் கொஞ்சம் வளைத்து வளைத்துக் கட்டியிருப்பார்கள். நேராகப் போனால் பென்டோகிராப்பின் தலையில் உள்ள கரித்தகட்டை ஒரே இடத்தில் அறுத்துவிடும்.

ஏன் இப்படிப் பிரித்துப் போடவேண்டும்? கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர். எவ்வளவு பலசாலியானாலும் ஒருவன் தனியாக இழுத்தால் மணலில் கால் சறுக்கும். இருபது பேர் கயிற்றைப் பிடித்தால் ஒருவருக்கும் சறுக்காது, வலையும் சட்டென்று வரும். ரயிலிலும் அதே கதைதான். தண்டவாளமும் இரும்பு, சில்லும் இரும்பு. ஒரு எஞ்சின் தன் பாரத்தை மட்டும் நம்பி இழுத்தால், வேகமாகக் கிளம்ப முயலும்போது சில்லு சுற்றிக்கொண்டே நிற்கும். 1954-ல் கனடா தந்த எஞ்சின்கள், ‘அல்பேர்ட்டா’, ‘ஒன்டாரியோ’ என்று பெயர் எழுதியவை, எவ்வளவு நல்ல எஞ்சின்கள்! ஆனாலும் மழை நாளில் முழுப் பாரத்தோடு ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் நான் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம்.

நெடுந்தூர ரயிலுக்கு அது பெரிய குறையில்லை. நகரத்து ரயிலுக்குத்தான் உயிர்ப் பிரச்சினை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. இரண்டு நுனியையும் சேர்த்தால் பதினெட்டு ஸ்டேஷன். கிளம்பி, வேகம் எடுத்து, பிரேக் போட்டு, நின்று, மறுபடி கிளம்பி... அதுதான் அந்த ரயிலின் முழுத் தொழிலும். எவ்வளவு வேகமாக ஓடும் என்பதல்ல அங்கே கேள்வி. எவ்வளவு சீக்கிரம் கிளம்பும், எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பதுதான். இப்போது எங்கள் பக்கம் பாரும். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். நடுவில் கல்குடா, தேவபுரம், வந்தாறுமூலை, ஏறாவூர். அவ்வளவுதான்.

களுவாஞ்சிகுடி வாசகர்: மின்சார ரயிலில் கார்டுக்கு என்ன வேலை? சும்மா இருப்பாரா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

எங்கள் கோச்சியில் கார்டின் வேலை உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் டப்லட் வளையத்தை ஓட்டுநரிடம் கொடுக்கவேண்டும். அந்த டப்லட் கையில் இல்லாமல் ஒற்றைப் பாதையில் ஒரு ரயிலும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக்கூடாது. எல்லோரும் ஏறியாயிற்றா, பொதி ஏற்றியாயிற்றா, வெள்ளரிப்பழக் கூடையோடு ஓடிவரும் மனிசியை ஏற்றியாயிற்றா என்று பார்க்கவேண்டும். அப்புறம் விசில், கொடி, இரவென்றால் பச்சை விளக்கு. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அதைப் பார்க்கவேண்டும். வளைவில் நிற்கும் ஸ்டேஷன் என்றால் பார்க்கமாட்டார். இன்னொரு விசில்.

மின்சார ரயிலில் கார்டும் கடைசியில்தான் இருப்பார், ஆனால் அவர் இருப்பதும் ஓட்டுநர் அறையைப் போன்ற ஓர் அறை. இருவருக்கும் இடையில் மணி. இரண்டு தரம் அடித்தால் “புறப்படு”, ஒரு தரம் அடித்தால் “நில்”. கார்ட் இரண்டு அடி அடிப்பார், ஓட்டுநர் அதையே திருப்பி அடிப்பார், வண்டி நகரும். கொடி காட்டி, அவர் பார்த்தாரா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வேலை இல்லை. வண்டி நிற்பது அரை நிமிடம் இருந்தால் பெரிய விஷயம். அதற்குள் கார்ட் பிளாட்போரத்தை ஒரு பார்வை பார்த்து, யாராவது படியில் கால் வைத்து மற்றக் காலைத் தூக்கவில்லையா என்று கவனித்து மணியடிக்கவேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இதையே செய்துகொண்டிருக்கவேண்டும். சும்மா இருப்பாரா என்று கேட்கிறீர்கள்! புனானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் காட்டைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த என்னைப் போன்ற ஆட்களுக்கு அந்த வேலை ஒத்துவராது.

கடைசி ஸ்டேஷன் வந்ததும் நடப்பதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. மட்டக்களப்புக்கு வந்த கோச்சி திரும்பிப் போகவேண்டுமானால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் கொளுவவேண்டும். பிரேக் குழாயை மாட்டிச் சோதிக்கவேண்டும். தாம்பரத்தில் ஓட்டுநர் தன் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்போரத்தால் ஒரு பக்கம் நடப்பார், கார்ட் எதிர்ப்பக்கம் நடப்பார். நடுவில் சந்தித்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான், முன் பின்னாகிவிட்டது, பின் முன்னாகிவிட்டது.

பிரேக் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பழைய வெற்றிடப் பிரேக்கில் ஓட்டுநர் முன்னால் போட்டால் அது குழாய் வழியாக ஒவ்வொரு பெட்டியாகப் பின்னுக்கு வரும். கடைசியில் இருக்கும் எனக்கு ஒரு குலுக்கலோடு வந்து சேரும். மின்சாரத் தொடரில் காற்றுப் பிரேக்குக்கு மின்சாரத்தால் கட்டளை போகும். எல்லாப் பெட்டியும் ஒன்றாகப் பிடிக்கும். நின்றுகொண்டு பயணம் செய்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெரிசல் நேரத்தில் விழுவதற்கு இடமும் இருக்காது என்பது வேறு விஷயம்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: 25,000 வோல்ற்றுக் கம்பிக்குக் கீழே மக்கள் நடமாடுகிறார்களே, பயமில்லையா? தண்டவாளத்தில் கால் வைத்தால் அடிக்காதா?

தண்டவாளத்தில் அடிக்காது, தங்கச்சி. அது நிலத்தோடு சேர்ந்தது. ஆனால் அதில் கால் வைக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் வரும் ரயிலே போதிய காரணம்.

கம்பி, தண்டவாளத்திலிருந்து ஐந்தரை மீற்றர் அளவு உயரத்தில் போகும். பிளாட்போரத்தில் நிற்பவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, கூரையில் ஏறுகிறவர்களுக்குத்தான். வீட்டுக் கரண்டில் கம்பியைத் தொட்டால்தான் அடி. இதில் தொடவேண்டியதில்லை, கிட்டப் போனாலே பாய்ந்துவிடும். அதனால்தான் இரண்டு மீற்றருக்குள் எவரும் எதையும் கொண்டுபோகக்கூடாது என்பார்கள். நின்ற பெட்டியின் கூரையில் ஏறிப் படம் எடுக்கப்போய்க் கருகிய பிள்ளைகளின் செய்தி இந்தியப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். ஈரமான பட்ட நூலும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்தால், இங்கே அந்தக் கம்பி வந்தால் முதல் வேலையாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சொல்லவேண்டும். காகம் கம்பியில் குந்துவது வேறு கதை. அது ஒரு கம்பியை மட்டும் தொடுகிறது, வேறொன்றையும் தொடவில்லை.

காத்தான்குடி வர்த்தகர்: சரக்கெடுக்கச் சென்னைக்குப் போய்வருகிறேன். மின்சார ரயிலில் ஏறினால் எந்தப் பெட்டி எவருக்கு என்று விளங்குவதில்லை.

நானா, ஏறுமுன் பெட்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெண்களுக்கான பெட்டி இருக்கும், முதல் வகுப்பு இருக்கும், கூடைக்காரர்களுக்கான வியாபாரிகள் பெட்டி இருக்கும். முதல் வகுப்பில் பெரிய சொகுசு கிடையாது, கூட்டம் குறைவு, கட்டணம் பல மடங்கு. சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் தண்டம். துணி மூட்டையோடு காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஏறவே வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு போங்கள். ‘ஃபாஸ்ட்’ என்று வந்தால் சில ஸ்டேஷனை விட்டுவிட்டுப் போகும், கேட்டு ஏறுங்கள். வாசலில் நிற்காதீர்கள். 2018 யூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் தடுப்புச் சுவரில் அடிபட்டு இறந்தார்கள்.

செங்கலடி வாசகர்: எங்கள் நாட்டில் மின்சார ரயில் ஓடினால், கரண்ட் போகும்போது நடுக்காட்டில் நிற்கவேண்டியதுதானே?

நக்கலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நியாயமான கேள்வி. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முழு நாட்டுக்கும் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் வந்த வினை என்று அமைச்சரே சொன்னார். கொழும்புக்கு மின்சார ரயில் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கைகாட்டும் ஊர்களில் பாணந்துறையும் ஒன்று. அந்தக் குரங்குக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மின்சார ரயிலுக்கு ஊர்க் கம்பியிலிருந்து கரண்ட் எடுப்பதில்லை. நாட்டின் உயர் அழுத்தக் கம்பியிலிருந்து ரயிலுக்கென்றே தனி உபநிலையங்கள் எடுக்கும். 25,000 வோல்ற்று முறையில் அப்படி ஓர் உபநிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐம்பது கிலோமீற்றர் அளவுகூட இருக்கலாம். ஒன்று பழுதானால் பக்கத்தில் உள்ளது கைகொடுக்கும். ஒரு தெருவில் கரண்ட் போனால் ரயில் நிற்காது. முழு நாட்டுக்கும் போனால் நிற்கும்தான். பெட்டிக்குள் விளக்குக்கு பற்றரி இருக்கும்.

சென்னையில் முதல் தடவை ஏறுகிறவர்கள், ஓடும் வண்டியில் ஓரிடத்தில் கண நேரம் விளக்கும் விசிறியும் அடங்குவதைக் கண்டு பயப்படுவதுண்டு. அது பழுதில்லை. ஓர் உபநிலையத்தின் கம்பியும் அடுத்ததன் கம்பியும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காக இடையில் கரண்ட் இல்லாத ஒரு துண்டை விட்டிருப்பார்கள். ஓட்டுநர் அந்த இடத்தில் மோட்டாருக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வண்டி தன்பாட்டில் உருள விடுவார்.

இன்னொன்று. புதிய தொடர்கள் பிரேக் போடும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகிவிடும். வேகம் மின்சாரமாகிக் கம்பிக்குத் திரும்பிப் போகும், பக்கத்தில் கிளம்பும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். அடிக்கடி நின்று கிளம்பும் ரயிலுக்கு இது பெரிய இலாபம். டீசல் வண்டியில் அந்தச் சக்தியெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகிப் புகைந்துதான் போகிறது.

கல்லடி வாசகர்: இந்தியாவில் நூறு வருடமாக ஓடுகிறது. இலங்கையில் ஏன் இன்னும் இல்லை?

நூறு சரிதான். 1925 பெப்ரவரி 3-ஆம் திகதி பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை முதல் மின்சார ரயில் ஓடியது. சென்னையில் 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, ஒரு மீற்றர் அகலமுள்ள மீற்றர் பாதையில். இரண்டும் தொடங்கியது 1,500 வோல்ற்று நேரோட்டத்தில். சென்னை 1960களில் 25,000 வோல்ற்றுக்கு மாறிவிட்டது. பம்பாயில் முழுவதும் மாறி முடிய 2016 ஆயிற்று. சென்னையின் மீற்றர் பாதை மின்சார ரயில் 2004-ல்தான் ஓய்ந்தது. இப்போது எல்லாம் அகலப் பாதை, எங்கள் பாதையின் அதே அகலம்.

எங்களிடம் மின்சாரம் தண்டவாளத்தில் ஓடவே இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்புத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. பிறகு கம்பியில் கரண்ட் எடுக்கும் டிரொலி பஸ்ஸும் ஓடியது. இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயிலும் மின்சாரம்தான். அதை 2020-ல் கைவிட்டார்கள். பாணந்துறை, வேயங்கொடை என்று பாதைக்குக் கம்பி போடும் திட்டங்கள் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காகிதத்தில் இருக்கின்றன.

அதற்கிடையில் ரயில்வே வேறொன்றைச் செய்தது. எஞ்சினைப் பெட்டிக்குள்ளேயே வைத்த டீசல் தொடர்களை வாங்கியது. எஸ் 8, எஸ் 9 என்று எஸ் எழுத்தில் இலக்கம் போட்டவை. ஜப்பான், சீனா, இந்தியா என்று பல நாட்டு வண்டிகள். எஸ் 11-ம் எஸ் 13-ம் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்தவை. 1955-லிருந்து சென்னை மின்சார ரயில் உட்பட இந்தியப் பெட்டிகளில் மிகப் பலவற்றைப் பெற்றுப் போட்ட வீடு அது. ஆகவே கோட்டையில் எஸ் 13-இல் ஏறுகிறவர், சென்னை ரயிலின் சொந்தக்காரப் பிள்ளையில்தான் ஏறுகிறார். இரண்டு முனையிலும் ஓட்டலாம், எஞ்சினைச் சுற்ற வேண்டியதில்லை. மின்சாரத் தொடரின் நன்மைகளில் ஒரு பங்கு கம்பி இல்லாமலே கிடைத்துவிட்டது. அவசரம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெரிய காரணம் காசுதான். கம்பிக்கும் கம்பத்துக்கும் உபநிலையத்துக்கும் ஆகும் செலவு, நாளைக்கு ஒரு ரயில் ஓடினாலும் ஒன்றுதான், முந்நூறு ரயில் ஓடினாலும் ஒன்றுதான். முந்நூறு ஓடுகிற இடத்தில் போட்டால் டீசல் மிச்சத்திலேயே வந்துவிடும். ஆகவே எங்கே போடவேண்டுமென்றால் கொழும்பைச் சுற்றித்தான் முதலில் போடவேண்டும். மட்டக்களப்பான் நான் இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது.

வாகரை வாசகி: மின்சார ரயில் வந்தால் யானைகள் சாவது குறையுமா?

குறையாது, பிள்ளை. 2025 பெப்ரவரியில் எங்கள் மீனகயா ரயில் ஹபரணைப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் செத்தன, ரயிலும் தடம் புரண்டது. கரண்டா டீசலா என்பது யானைக்கு ஒன்றுதான். மின்சார வண்டி சத்தம் குறைவாக வரும் என்பதால் கெடுதலும் இருக்கலாம். இரவில் வேகத்தைக் குறைப்பதும், பாதையோரப் பற்றையை வெட்டி ஓட்டுநருக்குத் தூரம் தெரியச் செய்வதும்தான் வழி. சீக்கிரம் நிற்கக்கூடிய வண்டி நல்லதுதான், ஆனால் யானை எதிரே தெரிந்த பிறகு எந்த வண்டிக்கும் தூரம் போதாது.

கல்முனை வாசகர்: அம்பாறை மாவட்டத்தில் ஒரு அடி தண்டவாளம்கூட இல்லை. மட்டக்களப்பிலிருந்து எங்கள் பக்கம் மின்சார ரயில் கேட்டால் என்ன?

கேளுங்கள். கேட்பதற்கு எல்லோரையும் விட உங்களுக்குத்தான் நியாயம் அதிகம். ஏனென்று சொல்கிறேன்.

புறநகர் ரயிலுக்குத் தேவையானது பெரிய நகரம் மட்டுமில்லை. ஊர்கள் ஒரே கோட்டில், இடைவெளி இல்லாமல், நெருக்கமாக இருக்கவேண்டும். சென்னையில் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி என்று எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகிறதே, அப்படி. இப்போது கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே வாருங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் நடுவில் ஒரே வரிசை. ஒரு பள்ளிவாசலின் பாங்கு ஓயுமுன் அடுத்த கோயிலின் மணி கேட்கும். கொழும்புக்கு வெளியே இந்த நாட்டில் புறநகர் ரயிலுக்கு இவ்வளவு பொருத்தமாக ஊர் அமைந்த இடம் நான் பார்த்ததில்லை.

ஆனால் 1928-ல் மட்டக்களப்புக்கு வந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. இப்போது நீட்டுவதென்றால் எங்கே போடுவது? கடற்கரைப் பக்கம் போட்டால் 2004 சுனாமி கண்ட மண். நடுவில் போட்டால் வீடு வீடாக உடைக்கவேண்டும். மேற்கே வயற்பக்கம் போட்டால் நிலம் கிடைக்கும், ஆனால் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளிப் போய்விடும். ஸ்டேஷனுக்குப் போக ஓட்டோ பிடிக்கவேண்டுமென்றால் எவர் ரயிலில் ஏறுவார்? வாசலில் பஸ் நிற்கிறது. இதற்கெல்லாம் மேலே வாவி முகங்களில் பாலங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ‘மின்சாரம்’ என்ற சொல்லைக் கோரிக்கையிலிருந்து வெட்டிவிடுங்கள். சென்னை ரயிலில் எனக்குப் பிடித்தது கம்பி இல்லை. நேர அட்டவணையைப் பாராமல் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்பதுதான். ஒன்று போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் கொழும்பு போகும் உதயதேவி ரயிலைத் தவறவிட்டவர் வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். கோச்சி என்றால் கொழும்புக்குப் போவது என்றே எங்கள் சனத்துக்குப் பழகிவிட்டது. ஏறாவூருக்குப் போக எவரும் கோச்சியை நினைப்பதில்லை, ஏனென்றால் நினைக்கும் நேரத்தில் அது வருவதில்லை.

ஆகவே முதலில் இருக்கிற பாதையில் கேட்கவேண்டியது இது. வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், பள்ளிக்கூட நேரத்துக்கும் கந்தோர் நேரத்துக்கும், இரண்டு மூன்று பெட்டி டீசல் வண்டி ஒன்று போய் வந்துகொண்டிருக்கட்டும். பெட்டி இல்லையென்றால் ரயில் பஸ்ஸாவது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்டி இரும்புச் சில்லு போட்ட அந்த வண்டி பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஓடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஏறாவூரில் சந்தை இருக்கிறது, மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியும் கந்தோர்களும் இருக்கின்றன. சனம் ஏறும். ஒற்றைப் பாதைதான், ஆனால் ஸ்டேஷன்களில் விலக்குப் பாதை இருக்கிறது, நெடுந்தூர ரயில்கள் நாள் முழுக்க அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. சனம் ஏறுகிறது என்று காட்டினால்தான் கல்முனைக்கு நீட்டச் சொல்லிப் பேச வாய் வரும். ஏறாத பாதையைக் காட்டி எவரிடம் கடன் கேட்பது?

உங்கள் ஊர்க்காரர்கள் இதில் வாழைச்சேனைக்காரர்களுக்காகக் கையெழுத்துப் போடுவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

திருக்கோவில் வாசகர்: வைத்தியத்துக்காகச் சென்னை போகிறோம். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். பேரப்பிள்ளைக்கு மின்சார ரயில் காட்ட எந்தப் பாதை நல்லது?

கடற்கரை–வேளச்சேரி பாதை. பறக்கும் ரயில் என்பார்கள். 1995-ல் முதல் துண்டு சேப்பாக்கம் வரை திறந்தது, வேளச்சேரிக்கு 2007-ல் போய்ச் சேர்ந்தது. பெரும்பகுதி தூண்களுக்கு மேலே ஓடும், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகும். பிள்ளைக்கு யன்னலால் மொட்டைமாடிகள் தெரியும். கூட்டமும் தாம்பரம் பாதையளவு இருக்காது. ஸ்டேஷன்கள் பிரமாண்டமாகவும் வெறிச்சென்றும் கிடக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். லிப்ட் எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள், படி நிறைய ஏறவேண்டும். நோயாளியை அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

குளிரூட்டிய பெட்டியில் போக ஆசையென்றால் கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயில் ஓடுகிறது. கதவு தானாக மூடும். எண்ணிக்கை குறைவு, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். டிக்கெட்டும் வேறு விலை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எல்லாப் பாதையிலும் வண்டி குறைவு.